ஊர் மயானத்தை முதன்முறையாக வடிவமைப்பவருக்கு ஒரு வழிகாட்டி

மயானத்தைச் சீரமைக்கும் வேலையை யாரும் கேட்டு வாங்குவதில்லை. நிதி ஒதுக்கீடு வந்தபின் ஊராட்சியிலோ நகராட்சியிலோ ஓர் இளம் பொறியாளரின் மேசைக்கு அது வந்து சேரும். சில ஊர்களில் கட்டடக்கலை படித்த பிள்ளை ஒருவரிடம் "நம்ம ஊர் சுடுகாட்டுக்கு ஒரு பிளான் போட்டுக் கொடுப்பா" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கல்லூரியில் பள்ளிக்கூடம் வரையச் சொல்லித் தந்திருப்பார்கள், மருத்துவமனை வரையச் சொல்லித் தந்திருப்பார்கள். இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அப்படி முதன்முறையாக இந்த வேலைக்கு வருபவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுதிச் சடங்கு எந்த வரிசையில் நடக்கிறது, ஆட்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் நிழலும் தண்ணீரும் கால் வைக்க நல்ல தரையும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஊரிலுள்ள எல்லோரும் ஒரே வழியில் அங்கே வர முடிகிறதா என்பது மறுபாதி. முகப்பு வளைவையும் சிவன் சிலையையும் பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கேளுங்கள், பிறகு வரையுங்கள்

காகிதத்தை எடுக்கும் முன், ஊரில் சடங்குகளை நடத்தித் தருகிறவர்களிடம் போய் உட்காருங்கள். ஊர்த் தலைவர் சொல்வதை மட்டும் வைத்து வரையாதீர்கள். மயானப் பணியாளர், சடங்கு செய்யும் நாவிதர், பறை அடிப்பவர், அமரர் ஊர்தி ஓட்டுநர் ஆகியோருக்குத்தான் அந்த இடத்தின் குறைகள் அத்துப்படி. மழையில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், ஊர்தி எங்கே திரும்ப முடியாமல் மாட்டும், எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கும் என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள். பல சமூகங்களில் முன்பு பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. இன்று பல குடும்பங்களில் மகளே கொள்ளி வைக்கிறார். ஆனால் அவர்களுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லாத மயானங்கள்தான் அதிகம்.

இடத்தை நேரில் பார்க்க ஏதாவது ஓர் இறுதி ஊர்வலத்தோடு நடந்து போய் வாருங்கள். தெரிந்த குடும்பமாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் உறவினர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் பின்னால் நடங்கள். அளவு நாடாவையும் கேமராவையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அளவெடுப்பதற்கு இன்னொரு நாள் இருக்கிறது.

சடங்குக்குச் சடங்கு இடம் வேண்டும்

ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி முறை மாறும். எரிப்பவர்களிடம் பரவலாகக் காணும் வரிசை இது. பாதி வழியில் ஓரிடத்தில் பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குவார்கள். மயான வாசலில் அரிச்சந்திரன் கோயிலோ அரிச்சந்திரன் கல்லோ இருந்தால் அங்கே நிறுத்திப் பூசை செய்வார்கள். உள்ளே போனதும் வாய்க்கரிசி. உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து இடுவதால் நேரம் பிடிக்கும். அதன்பின் கொள்ளி வைப்பவர் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வருவார். சுற்றுக்கு ஒரு துளை குடத்தில் விழும். கடைசியில் குடத்தை உடைத்து, கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். பிறகு குளியல். மறுநாளோ மூன்றாம் நாளோ பால் ஊற்றவும் எலும்பு பொறுக்கவும் மறுபடி வருவார்கள்.

இப்போது இதை இடமாக மாற்றிப் பாருங்கள். பாடை மாற்றும் இடம் சாலையோரத்தில் இருந்தால் அங்கே வண்டிகள் உரசாமல் ஒதுங்க ஓர் அகலமான திண்ணை வேண்டும். அந்த இடத்தை நெடுஞ்சாலை விரிவாக்கம் விழுங்கிவிட்டதா என்றும் பாருங்கள். அரிச்சந்திரன் கல்லின் முன்னால் பாடையை இறக்கி, சுற்றிலும் ஐம்பது பேர் நிற்கும் அளவுக்கு வெட்டவெளி வேண்டும். வாய்க்கரிசி போடும் இடத்துக்குக் கட்டாயம் கூரை வேண்டும், ஏனென்றால் அங்கேதான் வயதானவர்கள் அதிக நேரம் நிற்கிறார்கள். எரிமேடையைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது 2 மீட்டராவது காலியாக இருக்கட்டும். ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக் கட்டிவிட்டால் குடத்தோடு எப்படிச் சுற்றி வருவார்?

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே வருகிறவர்களில் முக்கியமானவர் வெறுங்காலோடு, ஈர வேட்டியோடு, பல நேரம் சாப்பிடாமல் நடக்கிறார். குடத்திலிருந்து தண்ணீர் சிந்திக்கொண்டே இருக்கும். அதில் பளபளக்கும் கிரானைட் பதித்தால் அவர் வழுக்கி விழுவார். வெயிலில் கிடக்கும் கான்கிரீட் தளம் பாதத்தைச் சுட்டுவிடும். கொத்திச் சொரசொரப்பாக்கிய கல், நடைவழிக்கு மேலே மரநிழல், படி இருந்தால் பக்கத்திலேயே சாய்தளம் ஆகியவை போதும். செலவும் குறைவு.

எரிமேடை எந்தத் திசையில் நீள வேண்டும் என்றும் கேளுங்கள். தெற்கே தலை வைப்பது பரவலான வழக்கம், அதற்கு மேடை வடக்குத் தெற்காக நீள வேண்டும். மனை எப்படி அமைந்திருக்கிறதோ அதற்கேற்ப மேடையைத் திருப்பி வைத்துவிட்டால், மக்கள் மேடைக்குக் குறுக்கே கட்டை அடுக்கிச் சமாளிப்பார்கள்.

நிலமும் தண்ணீரும் காற்றும்

வருவாய்த் துறை ஆவணத்தில் அந்த இடம் மயானமாகப் பதிவாகி இருக்கிறதா என்று கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பாருங்கள். நில அளவை வரைபடமான புலப்படத்தை வாங்கி எல்லைக் கற்களோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளின் மயானங்களுக்கு 1999-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. குடிநீர்க் கிணற்றைப் பொறுத்தவரை நான் இதைவிடக் கடுமையாக இருக்கச் சொல்வேன். உலக சுகாதார அமைப்பு 1998-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்து 250 மீட்டர், மற்ற ஓடைகளிலிருந்து 30 மீட்டர் தள்ளிப் புதைக்கச் சொல்கிறது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே குறைந்தது 1 மீட்டர் மண் இருக்க வேண்டும். இதைச் சித்திரையில் அளந்து பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள்.

தண்ணீர் என்ற காரணத்தை எப்படிக் கையாளக் கூடாது என்பதற்கு இலங்கையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020-இல் கொரோனாவில் இறந்தவர்கள் எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. புதைக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும் கேட்கவில்லை. முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் கண்முன்னே பிள்ளைகளையும் பெற்றோரையும் எரிக்கக் கொடுத்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் புதைக்க இடம் ஒதுக்கினார்கள். 2024-இல் அரசு மன்னிப்பும் கேட்டது. தொழில்நுட்பக் காரணம் சொல்லி ஒரு வழக்கத்தை மறுக்கும் முன், அந்தக் காரணம் உண்மைதானா என்று அளந்து பார்க்கும் கடமை வடிவமைப்பாளருக்கு உண்டு.

காற்றையும் பாருங்கள். நம் பக்கம் ஆண்டின் ஒரு பகுதி தென்மேற்கிலிருந்தும் இன்னொரு பகுதி வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். ஆகவே எரிமேடைக்கு வடகிழக்கிலோ தென்மேற்கிலோ வீடுகள் இருந்தால் ஏதோ ஒரு பருவத்தில் புகை அங்கேதான் போகும். கடற்கரை ஊராக இருந்தால் பிற்பகல் கடற்காற்றையும் கணக்கில் சேருங்கள். எரிவாயு தகன மேடைக்குப் பொதுவாக 100 அடி உயரப் புகைபோக்கி வைப்பது இதற்காகத்தான்.

பாதை யாருடையது?

மயானத்துக்கு நிலம் இருக்கும், போகும் பாதை இருக்காது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வயல் வழியே போகும் பாதை மறிக்கப்பட்டதுதான் காரணம். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

அதனால் உங்கள் வரைபடம் மயானத்தின் வாசலில் தொடங்கக் கூடாது. ஊரின் கடைசித் தெருவிலிருந்து, காலனியின் கடைசி வீட்டிலிருந்து வரையத் தொடங்குங்கள். ஒவ்வொரு தெருவிலிருந்தும் பாடை எந்த வழியாக வரும், அந்த வழி பட்டா நிலத்தைத் தாண்டுகிறதா, மழைக்காலத்தில் முழங்கால் சேறா என்று குறியுங்கள். தாண்டுகிறது என்றால் பாதைக்கு நிலம் எடுக்கும் வேலைதான் உங்கள் திட்டத்தின் முதல் செலவு. மதில் சுவரை அடுத்த ஆண்டுகூடக் கட்டலாம்.

அப்புறம், "அவங்களுக்குத் தனியா ஒரு மேடை போட்டுடுங்க சார்" என்று யாராவது மெதுவாக வந்து சொல்வார்கள். தனி வாசல், தனிக் குழாய், நடுவில் ஒரு சின்னச் சுவர் என்றெல்லாம் கேட்பார்கள். செய்யாதீர்கள். ஒரு பொது மயானத்தில் சாதிக்கொரு மேடையை வரைகிற பேனா உங்களுடையதாக இருக்க வேண்டாம். ஒரே வாசல், ஒரே காத்திருப்புக் கூடம், வரிசைப்படி மேடை என்று வரைபடத்திலேயே தீர்மானியுங்கள். பிரச்சினை வரும் என்று தெரிந்தால் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லுங்கள். முறைக்குத்தான் வேறுபாடு வேண்டும். எரிப்பவர், புதைப்பவர், உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்யும் லிங்காயத்தார், புதைக்கப்படும் குழந்தைகள் ஆகியோருக்கு அந்தந்த முறைக்கேற்ற இடம் ஒதுக்குங்கள்.

மையவாடியும் கல்லறைத் தோட்டமும்

முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பெரும்பாலும் ஜமாஅத்தோ திருச்சபையோ நடத்தும் சொந்த இடம் இருக்கும். அவர்கள் உங்களை அழைத்தால் சில விவரங்களைத் தெரிந்து வைத்திருங்கள். முஸ்லிம்களின் அடக்கத்தலமான மையவாடியில் மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, வலப்பக்கமாகச் சாய்த்து முகம் கிப்லாவை (மக்காவின் திசையை) பார்க்குமாறு வைப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து கிப்லா ஏறக்குறைய மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. எனவே கபுருகள் (புதைகுழிகள்) ஏறக்குறைய வடக்குத் தெற்காக, தலை வடக்கில் இருக்குமாறு அமையும். சரியான கோணத்தைப் பள்ளிவாசலில் தொழுகைத் திசையைக் காட்டும் சுவர் மாடமான மிஹ்ராபைப் பார்த்து எடுங்கள். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகைக்கு வரிசை வரிசையாக நிற்க ஒரு சமதளமும், பக்கத்தில் ஒளு செய்ய (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவ) தண்ணீரும் வேண்டும். கபுரை மிதித்து நடக்கக் கூடாது என்பதால் வரிசைகளுக்கு இடையே தெளிவான நடைவழி விடுங்கள். கபுருக்கு மேலே பெரிய கட்டுமானத்தைப் பலர் விரும்புவதில்லை. நீங்களாக மேடை வரைந்து கொண்டு போகாதீர்கள்.

கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அலைமோதும் நாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். குடும்பம் குடும்பமாக வந்து கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த ஒரு நாளை வைத்தே தண்ணீர்க் குழாய்களின் எண்ணிக்கையையும் பாதையின் அகலத்தையும் கணக்கிடுங்கள். பருவமழைக் காலம் என்பதால் வடிகாலும் அன்றைக்குத்தான் சோதனைக்கு வரும்.

புதைக்கும் பகுதியின் கணக்கு

ஒரு குழிக்கு ஏறக்குறைய 7 அடிக்கு 3 அடி. சுற்றிலும் விடும் இடைவெளியையும் சேர்த்தால் ஒன்றுக்குச் சுமார் 3.75 சதுர மீட்டர். ஓர் ஏக்கரில் பாதியைப் பாதைக்கும் மரத்துக்கும் கொடுத்தால் மீதியில் 500 குழிகளுக்குக் கொஞ்சம் கூடவே வரும். ஆண்டுக்கு 25 பேரை அடக்கம் செய்யும் ஊரானால் இருபது ஆண்டில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வியை இன்றே குடும்பங்களோடு பேசுங்கள். சிங்கப்பூரில் 1998 முதல் புதைகுழிக்கு 15 ஆண்டுகள்தான். அதன்பின் தோண்டியெடுத்து, மதம் அனுமதித்தால் எரிப்பார்கள், இல்லையென்றால் சிறிய இடத்தில் மறுபடி அடக்கம் செய்வார்கள். நம் ஊர்களிலும் ஒரே குழியை மறுபடி பயன்படுத்துவது நடக்கத்தான் செய்கிறது, எழுதப்படாமல், சொல்லப்படாமல். மண்வெட்டியில் எலும்பு தட்டுப்படும்போது அந்தக் குடும்பம் அடையும் வேதனையைத் தவிர்க்க ஒரு பதிவேடு போதும். கட்டங்களுக்கு எண் கொடுத்து, வாசலில் வரைபடம் வைத்து, தேதியை எழுதி வையுங்கள்.

ஆதரவற்றுக் கிடைத்த உடல்களுக்கும் அதே வரிசையில், அதே அளவில் இடம் கொடுங்கள். எண்ணும் தேதியும் பொறித்த சிறு கல் வையுங்கள். தேடி வருகிறவர் பத்து ஆண்டு கழித்தும் வரலாம்.

அடையாளக் கற்களில் சமத்துவம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 1952-இல் அமைத்தது. அதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கியபோதே, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று முடிவு செய்தது. புல்வெளி, நேர் வரிசை, கல்லின் அடியில் சின்னச் செடிகள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொள்கையும் எல்லோரையும் எட்டவில்லை. இந்திய, ஆப்பிரிக்க வீரர்களில் மிகப் பலருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை என்று அந்த ஆணையத்தின் குழுவே 2021-இல் அறிக்கை வெளியிட்டது. வடிவத்தில் சமத்துவம் வைத்துவிட்டுப் பட்டியலில் விட்டுவிடலாகாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில்

எரிவாயு தகன மேடை உள்ள நகர மயானங்களில் இதுதான் பெரிய சிக்கல். ஒரு உடலுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த ஊர்வலம் பறையோடு வாசலுக்கு வந்துவிடும். உள்வழியையும் வெளிவழியையும் பிரித்து வையுங்கள். காத்திருப்புக் கூடத்தை இரண்டாகப் பிரித்து, இடையில் ஒரு செடி வரிசையோ சுவரோ வையுங்கள். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் குன்னார் அஸ்ப்லுண்ட், சிகுர்ட் லெவரென்ட்ஸ் ஆகிய இருவரும் வடிவமைத்த காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் சிற்றாலயங்களுக்குத் தனித்தனியே காத்திருக்கும் அறைகள் உண்டு. அங்கே ஒரு குன்றின் மேலே போகும் படிகள், மேலே செல்லச் செல்ல உயரம் குறையுமாறு கட்டப்பட்டிருக்கின்றன. துயரத்தோடு ஏறுபவர் மூச்சு வாங்காமல் உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அது. 1994-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நம்மிடம் அவ்வளவு நிலமும் பணமும் இல்லாமல் இருக்கலாம். படியின் உயரத்தைக் குறைக்கப் பணம் தேவையில்லை.

உடல் உள்ளே போகும் கதவை எல்லோரும் பார்க்கும்படி நேரெதிரே வைக்காதீர்கள். கடைசிவரை பார்க்க விரும்புகிறவர் முன்னால் வந்து பார்க்கட்டும், தாங்க முடியாதவர் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும். அதேபோல் அஸ்தி தரும் இடம். பல இடங்களில் இயந்திர அறையின் பின்கதவில், எரிவாயு உருளைகளுக்கு நடுவே நின்று கலயத்தை வாங்குகிறார்கள். கூரையுள்ள ஒரு திண்ணை, கலயத்தை வைக்க ஒரு கல் மேடை, கைகழுவ ஒரு குழாய் ஆகியவற்றை அங்கே சேர்த்துவிடுங்கள்.

திறந்த எரிமேடைக்குக் கூரை போட்டால் கான்கிரீட் வேண்டாம், சூட்டில் வெடித்து உதிரும். உயரமான இரும்புச் சட்டத்தில் தகடு போட்டு, முகட்டில் புகை போக இடைவெளி விடுங்கள். விறகுக் கிடங்குக்கு லாரி வரும் வழி, ஊர்வலம் வரும் வழியை வெட்டக் கூடாது.

வேலை செய்கிறவர்களுக்கு

2021-இல் தமிழ்நாட்டில் மயானப் பணியாளர்களை முன்களப் பணியாளர்களாக அறிவித்தார்கள். ஆனால் பெரும்பாலான வரைபடங்களில் அவர்களுக்கு ஓர் அறைகூட இருப்பதில்லை. குளிக்க ஷவர், உடை மாற்றும் அறை, பூட்டு போட்ட அலமாரி, குடிநீர், ஆண் பெண் இருவருக்கும் கழிப்பறை, மதியம் உட்கார்ந்து சாப்பிட நிழல் இவை மதிப்பீட்டில் முதல் பக்கத்திலேயே வரட்டும். கடைசிப் பக்கத்தில் இருந்தால் நிதி குறையும்போது முதலில் அடிபடுவது அதுதான்.

தோண்டும் முன்னால், நடும் முன்னால்

பழைய சமாதிகள் இருக்கும் இடத்தில் பொக்லைன் இறக்கும் முன் தண்டோரா போடுங்கள், அறிவிப்பு ஒட்டுங்கள், குடும்பங்களோடு நடந்து ஒவ்வொன்றையும் குறியுங்கள். பெயர் அழிந்த மேட்டையும் யாராவது ஒரு பாட்டி அடையாளம் சொல்லுவார். முதுமக்கள் தாழி தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தித் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரும், கீழடியை ஒட்டிய கொந்தகையும் அப்படிப்பட்ட ஈமக் காடுகள்தாம்.

மரங்களில் வேம்பும் புங்கனும் நிழலுக்கு நல்லவை. ஆலும் அரசும் மதில் ஓரத்துக்கும் சமாதிகளுக்கு அருகிலும் வேண்டாம், வேர் கல்லைப் பிளந்துவிடும். மாலைக்குப் பிறகும் சடங்கு நடக்கும் என்பதால் பாதை நெடுகத் தாழ்வான விளக்குகள் போடுங்கள். கண்ணைக் கூசும் உயர்கோபுர விளக்கு ஒன்று நட்டால் போதும் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஒப்படைக்கும் முன்

வேலை முடிந்ததும் நான்கு பேரை அழைத்து, வெறும் பாடையில் மணல் மூட்டை வைத்துத் தோளில் தூக்கிக் கடைசித் தெருவிலிருந்து எரிமேடைவரை நடக்கச் சொல்லுங்கள். எந்தத் திருப்பத்தில் பாடை மதிலில் இடிக்கிறது, எந்தப் படியில் பின்னால் இருப்பவர் தடுமாறுகிறார், வாசல் கதவு முழுதாகத் திறக்கிறதா என்று கூடவே நடந்து குறித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியிலும் ஒருவரைக் குளியல் இடம்வரை தள்ளிப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். சாவி யாரிடம் இருக்கும், இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்பதை வாசல் பலகையில் எழுதி வையுங்கள். குறைகளைச் சரிசெய்தபின் ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணைக்குக் கையெழுத்துப் போடுங்கள். மழை முடிந்ததும் தை மாதத்தில் ஒருமுறை போய், எங்கெங்கே மண் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.